கடைசிவரை விடாதவருக்கு

மழை மேவிஸ் வீட்டுக் கூரையில் மட்டும் பெய்தது.

எதிரே ரோடா ஸ்டோரின் கூரை, சன்னல் வழியே துடைப்பத்தை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், மே மாத வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. சந்தின் கற்களில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் மேவிஸ் ஹார்லண்ட் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அந்தப் புதன்கிழமை காலையில், தலைக்கு மேலே ஓடுகளின்மீது யாரோ ஒரு பெரிய தொட்டியை நிதானமாகச் சாய்த்ததுபோல் தண்ணீர் சடசடவென்று விழுந்து, சரிவில் உருண்டு, சமையலறைச் சன்னல் கண்ணாடியில் வழிந்து, அரை நிமிடத்தில் நின்றும் போனது. வழிந்த இடம் காய்ந்தபோது வெள்ளையாக ஒரு கோடு மிஞ்சியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

கெட்டில்விக் கிராமத்தில் வீடுகள் ஒன்றின் தோள்மீது ஒன்று ஏறி நிற்பவை. கடலுக்கும் பாறைக்கும் நடுவில் வேறு இடமில்லை. ஒருத்தி தும்மினால் மூன்று வீடு தள்ளியிருப்பவள் கடவுள் காப்பாற்றட்டும் என்பாள். அடுத்தவள் அது யாரிடமிருந்து தொற்றியது என்று விசாரிப்பாள். ஆகவே கூரையில் பெய்த தனி மழை ரோடாவின் கண்ணில் படாமல் போயிருந்தால்தான் அதிசயம்.

"ஏண்டி மேவிஸ், உன் வீட்டுக்கு மட்டும் கடவுள் தனியா மழை விடறாரா? அவருக்கு என்ன செஞ்சு குடுத்தே?" சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ரோடா கத்தினாள்.

"கடற்காகம் எச்சம் போட்டிருக்கும்."

"அவ்வளவு எச்சமா? அது காகம் இல்லடி, பசுமாடு."

மேவிஸ் சிரித்துவைத்தாள். சன்னலைச் சாத்தினாள். ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு நடையில் வந்து நின்றாள். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்காமல், கதவின் மரத்தில் காதை வைத்து, தன் வீட்டிலேயே ஒட்டுக் கேட்டாள். ஒன்றுமில்லை. இறந்துபோன அண்ணன் ஸ்டான்லி சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. முதல்ல தண்ணி விழும், மேவிஸ். கப்பல் இறங்கறதுக்கு முன்னாடி பாரத்துக்கு வச்சிருக்கற தண்ணியைக் கொட்டுவாங்க.

முன்னறை என்பது கிறிஸ்துமஸ், சாவு, காப்பீட்டுக்காரர் ஆகிய மூன்றுக்கும் மட்டும் திறக்கப்படும் அறை. அங்கே கணப்புக்கு மேலே அந்தப் படம் தொங்கியது. மூன்றடி அகலம், எண்ணெய்ச் சாயம். கீழே ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் கடல். மேலே வால் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, வயிறு பருத்த ஒரு ஆகாயக் கப்பல். அதன் அடியில் ஊஞ்சல்போல் தொங்கும் தொட்டியில் மூன்று மனிதத் தலைகள். தொட்டியிலிருந்து ஒரு கயிறு, நேராக, அலைகளுக்குச் சற்று மேலே வரை. கயிற்றின் நுனியில் தூரிகையால் ஒரே ஒரு கறுப்புத் தொடுகை. சட்டத்தில் பித்தளைத் தகடு: "நண்பனுக்காகக் கடைசிவரை கயிற்றை விடாத ஜெபெஸ் லெட்லிக்கு. லெப்டினன்ட் ஹியூ கார்ஸ்லேக், 1919."

ஜெபெஸ் லெட்லி மேவிஸின் தாத்தா. அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். முதல் உலகப்போரில், நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாட வந்த கடற்படையின் ஆகாயக் கப்பல்கள் ஊருக்கு மேலே மேட்டில் வந்து இறங்கும். இறங்கும்போது மேலிருந்து கயிறு விழும். இருபது பேர் ஓடிப்போய்ப் பிடித்துத் தரையோடு அழுத்தி வைக்க வேண்டும். சிப்பாய்கள் போதாத நாளில் மீனவர்களைக் கூப்பிடுவார்கள். இரண்டே விதி. அதிகாரி சொல்லும்வரை யாரும் கயிற்றை விடக்கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

முதல் விதி புரிந்தது. இரண்டாவதுதான் மீனவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஈரக் கயிறு கைக்கு வந்தால் மணிக்கட்டில் ஒரு சுற்று விழ வேண்டும், அப்போதுதான் வழுக்காது; அது யோசித்துச் செய்வது இல்லை, கண் சிமிட்டுவதுபோல் கை தானாகச் செய்வது.

1917 அக்டோபரில் ஒரு காற்று அடித்தது. கப்பல் திமிறியது. இருபதில் பத்தொன்பது பேர் கயிற்றை விட்டு விழுந்தார்கள். இருபதாவது ஆள் ஐசக் ஸ்டோர், கல்யாணமாகி ஐந்து மாதம் ஆனவன், மணிக்கட்டில் சுற்றிய கயிற்றோடு மேலே போனான். கப்பலைக் காற்று கடல் பக்கம் தள்ளியது. மேலே இருந்தவர்களால் அவனை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. ஊரே மேட்டில் நின்று பார்த்தது. கண்ணுக்கு ஒரு புள்ளியாகும்வரை அவன் பேசிக்கொண்டிருந்தது கேட்டது என்பார்கள். ஒன்பது நாள் கழித்துக் கடல் அவனைத் திருப்பித் தந்தது, வலது கை இல்லாமல். கை கயிற்றிலேயே இருந்து, அன்றைக்கே கப்பலோடு தரையிறங்கியிருந்தது.

விசாரணையில் ஜெபெஸ்தான் சாட்சி. எல்லோரும் விட்ட பிறகும், ஐசக்கைக் காப்பாற்ற, தான் மட்டும் தொங்கிப் பார்த்ததாகச் சொன்னார். மேலே கப்பலில் இருந்த லெப்டினன்ட் கார்ஸ்லேக்குக்குத் தொப்பிகள்தான் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. அவர் நம்பினார், போர் முடிந்ததும் படம் வரைந்து அனுப்பினார். ஜெபெஸ் உயிர்மீட்புப் படகின் தலைவரானார். படகுக் கொட்டகையில் பொன்னெழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஐசக்கின் பெயரும் ஊரில் நிலைத்தது, வேறு விதத்தில். எவனாவது மடத்தனம் செய்தால் இன்றைக்கும் "டேய், ஐசக் ஆகாதே" என்பார்கள்.

அப்பன் செத்து நாலு மாதம் கழித்துப் பிறந்தவள் ரோடா. அறுபத்தோரு வருடமாக அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டில் இருக்கிறாள்.

இனி மேவிஸுக்கு மட்டும் தெரிந்த கதை. ஸ்டான்லி சாவதற்கு ஒரு வாரம் முன்னால், நண்டு உடைத்துக்கொண்டே சொன்னது. கயிற்றின் தலைமாட்டில் நின்றவர் ஜெபெஸ். காற்று அடித்ததும், அதிகாரி வாய் திறப்பதற்கு முன்பே, முதல் ஆளாகக் கையை விட்டவரும் அவர்தான். தலைமாட்டில் பிடி தளர்ந்ததும் பின்னால் இருந்தவர்கள் பயந்து விட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் விட்டது யார் என்ற பேச்சை எடுத்தால் நீ எப்போது விட்டாய் என்ற கேள்வியும் கூடவே வருமே.

"இந்தப் படம் நம்மளுது இல்ல மேவிஸ்," என்றான் ஸ்டான்லி. "எதிர்வீட்டுக்குக் குடுத்துட்டு, நடந்ததைச் சொல்லிடணும். மூணு தடவ அவ கதவு வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"உப்பு இருக்கான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அதன் பிறகு அவனுக்கு நான்காவது தடவை வாய்க்கவில்லை.

*

மாவட்ட அருங்காட்சியகத்துக் கிளெக் என்ற மனிதர் விட்டுப்போன படிவம் சமையலறை மேசையில் கிடந்தது. கோடையில் ஒரு கண்காட்சி. கடலோர ஆகாயக் கப்பல்கள். படத்தை இரவல் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து படிவத்தை வாங்கிக்கொள்வார். படம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, எப்படி வந்தது. கீழே, "மேற்சொன்னவை உண்மை" என்று கையொப்பம். அச்சடித்துக் கண்ணாடிக்குள் மாட்டுவார்களாம்.

படத்தை வீட்டைவிட்டு அனுப்பக் கிடைத்த வாய்ப்பு என்று மேவிஸ் முதலில் குதித்துக்கொண்டுதான் சம்மதித்தாள். எழுத உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை.

ஜெபெஸ் லெட்லி, 1919 முதல் 1938 வரை. ஒரு மூடுபனி நாளில் படகுக் கொட்டகையின் உச்சிக்கூரையில் முதுகு முறிந்து கிடந்தார். எழுபது வயதில், ஏணி இல்லாமல். ஓடு மாற்ற ஏறியிருப்பார் என்று ஊர் முடிவு செய்தது. ஓடுகளில் ஒன்றுகூடப் பெயர்ந்திருக்கவில்லை.

மகன் மேத்யூ, 1938 முதல் 1956 வரை. மேவிஸின் அப்பா. மூடுபனியில், அலையே இல்லாத கடலில், அவர் படகு மட்டும் வட்டமடித்துக்கொண்டிருந்தது. குவளையில் தேநீர் ஆவி பறந்தது.

மகன் ஸ்டான்லி, 1956 முதல் 1975 வரை. கடலிலிருந்து நாலு மைல் உள்ளே, உழுது போட்ட டர்னிப் வயலின் நடுவில் கண்டெடுத்தார்கள். சுற்றிலும் காலடி ஒன்றும் இல்லை. உடம்பு மண்ணில் ஓரடி பதிந்திருந்தது. சட்டைப் பையில் கடல் தண்ணீர். லாரி மோதியிருக்கும் என்றது காவல்துறை. சாலை அரை மைல் தள்ளி இருந்ததை, பாவம், யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

தங்கை மேவிஸ், 1975 முதல். அடுத்த இடம் வெறுமையாக இருந்தது. "வரை" என்ற கட்டமும்.

மேவிஸுக்கு இருப்பது ஒரே மகன். டெரெக், முப்பத்தொரு வயது, நண்டுக்கூடு போடுபவன், கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் நேரம் இருப்பவன். ஊர் அவனை உயிர்மீட்புப் படகின் அடுத்த தலைவராக்கப் போகிறது. ஜூன் மாதம் கூட்டம். ஜெபெஸ் லெட்லியின் ரத்தம் என்று பெரியவர்கள் இப்போதே தோளில் தட்டுகிறார்கள். உண்மையை எழுதினால் அந்தத் தோள்தட்டு நின்றுவிடும். கயிற்றை விட்டவன் கொள்ளுப்பேரனை நம்பிப் புயலில் யார் படகேறுவார்கள்? எழுதாவிட்டால், அவளுக்கு அடுத்த வரியில் டெரெக்கின் பெயர் வரும்.

சாயங்காலம் அவன் நண்டு நாற்றத்தோடு வந்து படிவத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா இது, வம்சாவளியா? இங்கிலாந்து ராணிகூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க."

"கையைக் கழுவு முதல்ல."

"கூரை ஒழுகுதா? முன்னறைப் பக்கம் என்னமோ வாசனை. பேரிக்காய் அழுகின மாதிரி."

மேவிஸ் பேனாவை மூடினாள். ஆகாயக் கப்பலின் துணிக்கு மேலே பூசுகிற மெருகுக்கு அந்த வாசனை என்று ஸ்டான்லி சொல்லியிருந்தான்.

"நான் ஒண்ணும் பழம் வாங்கலியே," என்றாள்.

*

வியாழக்கிழமை அவள் சந்தின் குறுக்கே ரோடா வீட்டுக்கு நடந்தாள். நாலே எட்டு. அந்த நாலு எட்டில், வெயில் அடிக்கும் வானத்திலிருந்து, தொலைவில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நின்றால் நின்றது, நடந்தால் தொடர்ந்தது.

ரோடா புகைபோட்ட மீனைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வா, வா. தலைவரோட அம்மா வந்திருக்கீங்க. நாற்காலியைத் துடைக்கட்டுமா?"

"இன்னும் ஆகல."

"ஆயிடுவான். நல்ல பையன். எங்கப்பன் மாதிரி மண்ணாங்கட்டி இல்ல." தேநீரை ஊற்றி, கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அம்மா சாகற வரைக்கும் என் கையில ஒரு நூல்கண்டுகூடக் குடுத்ததில்ல. சுத்திக்குவேனாம். பள்ளிக்கூடத்துல கயிறு தாண்டற விளையாட்டுக்கு என்னைச் சேர்க்க மாட்டாளுங்க. ஒரு வாத்தியார் இருந்தாரு, காலணி நாடா அவிழ்ந்தா போதும், ஐசக் மவளே பாத்து கட்டும்பாரு."

ரோடா சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள்.

"ஒரே ஒரு ஆள் வந்து, உங்கப்பன் அவ்வளவு முட்டாள் இல்ல, கூட இருந்தவனுங்கதான் சரியில்லன்னு பொய்யாச்சும் சொன்னா, நான் அந்த ஆளுக்கு வாழ்நாள் பூரா மீன் சுட்டுப் போடுவேன். எதுக்குடி வந்தே?"

மேவிஸின் நாக்கில் வார்த்தை வந்து உட்கார்ந்தது. முதல் எழுத்தின் வடிவத்துக்கு உதடுகூடக் குவிந்தது. சன்னலுக்கு வெளியே, சந்தின் கீழ்க்கோடியில், டெரெக் யாரோ இரண்டு பெரியவர்களோடு பேசிக்கொண்டு வந்தான். ஒருவர் அவன் தோளில் கை போட்டிருந்தார்.

"துணி காயப்போடணும். நாளைக்கு நம்ம நடுக்கொடி உனக்கு வேணுமா?"

"இதுக்கா இவ்வளவு மூச்சு வாங்கினே? எடுத்துக்கோ."

திரும்பி வந்த நாலு எட்டில் சத்தம் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது.

*

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குக் கிளெக் வந்தார். மெலிந்த, மரியாதையான, கழுத்துப்பட்டையில் முட்டைக்கறை உள்ள மனிதர். படத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். முன்னறையில் வாசனை தொண்டையில் ஒட்டுகிற அளவுக்கு இருந்தது. அவர் மூக்கைச் சுருக்கவே இல்லை.

"அருமையான வேலை, மிஸஸ் ஹார்லண்ட். ஓவியர் நேர்ல பாத்திருக்கார். அந்தக் கயித்து நுனியில இருக்கறது என்ன? முடிச்சா?"

"முடிச்சுதான்."

"இவ்வளவு பெருசாவா போடுவாங்க?"

"அந்தக் காலத்துல போட்டாங்க."

அவர் குறித்துக்கொண்டார். படிவத்தை நீட்டினார். "எப்படி வந்தது" என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மேவிஸ் உட்கார்ந்தாள். வெளியே கடல் பக்கம் வெயில் இருந்தது. ஆனால் அடிவானத்தில் கம்பளியை மடித்து வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு கரை எழும்பியிருந்தது. மூடுபனி. மே மாதத்தில் அது வருவது ஒன்றும் புதிதல்ல. குதிரை வேகத்தில் வரும்.

எழுதினாள். "நண்பன் ஐசக் ஸ்டோரைக் காப்பாற்ற, மற்றவர்கள் விட்ட பிறகும் தனியாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியதற்காக என் தாத்தாவுக்கு வழங்கப்பட்டது." கையொப்பம் இட்டாள். அவள் எழுத்து எப்போதும் அழகு. பள்ளியில் பரிசு வாங்கியவள்.

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் அறை மங்கியது. சன்னலில் ரோடாவின் வீடு இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

"அடடா, நான் மலை ஏறணுமே," என்றார் கிளெக். "திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன். அதுவரைக்கும் படம் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

"இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன். சுமக்க நான் கூட வரேன்."

"இந்தப் பனியிலயா? கீழ போட்டா?" அவர் சிரித்து, தொப்பியைத் தூக்கி, இரண்டு எட்டில் காணாமல் போனார். காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் ஏறியது.

மேவிஸ் கதவைத் தாழிட்டாள். பின்கதவையும். முன்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டாள். சமையலறையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வீடு பஞ்சுக்குள் வைத்ததுபோல் இருந்தது. கடிகாரம் அடித்தது, ஆனால் பக்கத்து அறையில் அடிப்பதுபோல். துறைமுகத்தில் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும் சத்தம் வந்தது. டெரெக்கின் படகும் அதில் இருந்தது. அந்த இயந்திரத்தின் இருமல் அவளுக்குத் தெரியும். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அவன் கரையில் இருந்தால் போதும். தனக்கு வருவது வரட்டும்.

அப்போது எல்லா இயந்திரங்களும் நின்றன. ஒன்று நிற்கவில்லை.

அது துறைமுகத்தில் இல்லை. கூரைக்கு மேலே. மெல்ல, மிக மெல்ல, வீட்டின் நீளத்துக்கு நகர்ந்தது. அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று தொட்டு நடுங்கின. பிறகு அதுவும் நின்றது.

ஓடுகளில் தண்ணீர் விழுந்தது.

துணி! ரோடாவின் போர்வையும் அவளுடையதும் சந்தின் குறுக்கே கட்டிய நடுக்கொடியில் கிடந்தன. உப்புத்தண்ணீர் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். இப்படி நினைத்தது அவள்தானா என்று பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. கால் எழுந்தது. கை தாழைத் திறந்தது. முப்பது வருடமாக மழையென்றால் துணியெடுக்க ஓடிய உடம்பு, கேட்டுக்கொண்டா ஓடும்?

வெளியே தன் கையே தெரியவில்லை. வெள்ளை. நாக்கில் பேரிக்காய். தலைக்கு மேலே கையைத் துழாவிக் கொடியைத் தேடினாள். போர்வையின் ஓரம் கன்னத்தில் ஈரமாக உரசியது. இன்னும் கொஞ்சம் எட்டினாள். கிடைத்தது. பிடித்தாள்.

கொடி இவ்வளவு தடிமன் இல்லை.

கொடி இப்படிச் செங்குத்தாக இருக்காது.

"கீழே யாராவது இருக்கீங்களா?" என்றது மேலே ஒரு குரல். இளமையான, படித்த, களைத்துப்போன குரல். "கயித்தைப் பிடிங்க!"

விட முயன்றாள். விரல்கள் கேட்கவில்லை. அடுத்த கையால் விரல்களைப் பிரிக்கப் போனாள். அதுவும் பிடித்துக்கொண்டது. கயிறு அவசரப்படாமல் ஏறியது. குதிகால் கல்லைவிட்டு எழுந்தது. பிறகு முன்பாதம். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் தாமதமாகக் கேட்டது.

"டெரெக்!"

சந்தின் கீழே மீன்பிடி பூட்ஸ்களின் சத்தம். அவனேதான்.

"அம்மா? எங்க இருக்கீங்க?"

வராதே. அதுதான் சொல்ல வேண்டியது. ஒரே சொல்.

"இங்க! இங்க வா! பிடி!"

"என்னம்மா, துணிக்கொடியோட மல்லுக்கட்டா?" சிரிப்பு மூச்சிரைத்துப் பக்கத்தில் வந்தது. அவளுக்குக் கீழே இரண்டு கைகள் கயிற்றைப் பற்றின. பலமான கைகள். கயிறு தாழ்ந்தது. அவள் பாதம் கல்லைத் தொட்டது. "ஐயோ, இது என்ன இழுவை... இருங்க, இருங்க, நான் பிடிச்சிக்கிட்டேன்."

அவன் கை செய்ததை அவள் பார்க்கவில்லை. கேட்டாள். ஈரக் கயிறு மணிக்கட்டில் ஒரு சுற்று விழும் சத்தம். யோசிக்காமல்.

அவளுடைய சுண்டுவிரல் அசைந்தது.

பிறகு மோதிரவிரல். விரல்கள் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டன. எல்லாம். விடலாம். பிடித்திருக்கவும் செய்யலாம். இரண்டில் எது என்று கயிறு அவளைத்தான் கேட்டது.

"யாரும் விடாதீங்க!" என்று கெஞ்சியது மேலே குரல். "நான் சொல்ற வரைக்கும் யாரும் விடாதீங்க!"

காற்றே இல்லை. ஒரு சிறு காற்றுகூட. அதைப் பிறகு எவ்வளவு முயன்றும் அவளால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

விட்டாள்.

"அம்மா?" என்றான். கத்தவில்லை. கேள்வியாகத்தான் கேட்டான். அவன் தோள் அவள் தோளை உரசியது. பெல்ட். முழங்கால். ரப்பர் பூட்ஸ் அவள் கன்னத்தை ஒட்டி, நிதானமாக, மேலே போனது. எட்டிப் பிடித்திருக்கலாம். கைகள் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸ் ரோடாவின் கூரை விளிம்பில் இடித்தது. ஒரு ஓடு சரிந்து விழுந்து உடைந்தது.

"அம்மா. கையில சுத்தியிருக்கும்மா."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் பக்கமாக.

எதிரே சன்னல் திறந்தது. "யாருடி அது கூரை மேல? மேவிஸ்? டெரெக் குரல் கேட்டுச்சே?"

மேவிஸ் தன் கைகளை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். அந்த வெள்ளையிலும் அவை நன்றாகத் தெரிந்தன. மெத்தென்ற, சுத்தமான, ஒரு கீறல்கூட இல்லாத உள்ளங்கைகள்.

ரோடா மாடிப்படி இறங்கும் சத்தம். ஒவ்வொரு படியாக. முழங்கால் வலிக்காரி, நேரம் ஆகும்.

"அம்மா," என்றது வானம், படகுத்துறைக்கு மேலிருந்து. "அம்மா, வீடு தெரியுது."

மேவிஸ் சுவர்ப்பக்கம் திரும்பினாள். கடற்காற்றில் அரித்துப்போன மணற்கல், அரம்போல் சொரசொரப்பானது. இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள். அழுத்தினாள். கீழ்நோக்கி இழுத்தாள். மறுபடி. கல்லில் முதலில் ஈரமும் பிறகு நிறமும் பட்டன. ரோடாவின் கதவுத் தாழ் கிறீச்சிட்டது. போதாது, கயிறு அறுத்த தடம்போல் இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டும். கடலுக்கு மேலே எங்கேயோ அவன் பேசிக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு. அவள் பல்லைக் கடித்து, வேகமாக, வேகமாகத் தேய்த்தாள்.